சுவரும் சித்திரமும்

(ஆலய ஆண்டுத் திருவிழாவின் ஐந்தாம் நாள் இரவு, சிறப்புப் பூசைக்குப் பின் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

திருவிழாக் காலத்தில் இம்மேடையில் பேசுவோர் பெரும்பாலும் திருமுறைகளின் சிறப்பையும் அடியார்களின் வரலாற்றையும் எடுத்துரைப்பர். அவற்றை விரித்துரைக்கும் கல்வி எனக்கில்லை. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்று, பின்னர் அரசாங்கப் பணியில் அமர்ந்து, கோப்புகளோடு காலங்கழிப்பவன் நான். ஆகவே, நாம் ஒவ்வொருவரும் காலையும் மாலையும் கைகூப்பி வணங்கும் ஓர் எளிய பொருளைப் பற்றியே இன்று பேச விழைகிறேன். நம் வீட்டுப் பூசை மாடத்தில் மாட்டியிருக்கும் சாமிப் படமே அப்பொருள்.

மூலவரை வடித்தவர் இன்ன ஸ்தபதி என்று கும்பாபிஷேக மலரில் அச்சிடுகிறோம். கோபுரத்தைக் கட்டியவர், தேரைச் செய்தவர், மணியை உபயம் அளித்தவர் ஆகிய அனைவருடைய பெயர்களையும் கல்லிலே பொறிக்கிறோம். ஆனால் நம் வீட்டுச் சுவரில் நாற்பது ஆண்டுகளாகப் புன்னகை புரிந்துகொண்டிருக்கும் முருகப்பெருமானின் படத்தை வரைந்தவர் யார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அவர் எங்கே பிறந்தார், யாரிடம் கற்றார், எந்த ஓவியத்தைக் கண்டு உள்ளம் நெகிழ்ந்து இப்படத்தை எழுதினார் என்று எண்ணியிருக்கிறோமா? நானும் நெடுங்காலம் எண்ணியதில்லை. அவ்வாறு எண்ணாமற் போனதால் நேர்ந்த ஓர் இழப்பைப் பற்றியும் இவ்வுரையின் முடிவில் சொல்ல வேண்டியிருக்கிறது.

லயத்து வீட்டுப் படம்

பேராக் மாநிலத்துக்கும் இரப்பருக்கும் உள்ள உறவு பழமையானது. 1877ஆம் ஆண்டு கோலகங்சாரில் நடப்பட்ட இரப்பர் மரங்களுள் ஒன்று இன்றும் அங்கே பாதுகாக்கப்பட்டு வருகிறது. அம்மரங்களின் வழித்தோன்றல்களை நம்பித்தான் நம் பாட்டன்மார் கடல் கடந்து வந்தனர். அவர்கள் கொண்டுவந்த பெட்டிகளில் நகையிருந்ததோ இல்லையோ, துணிகளுக்கிடையில் ஒரு சாமிப் படம் இருந்தது என்று முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இருந்த எங்கள் தோட்டத்து லயத்து வீட்டிலும் ஒரு படம் இருந்தது. மயில்மீது அமர்ந்த முருகப்பெருமான். இருபுறமும் வள்ளி, தெய்வயானை. பின்னால் ஒரு மலை, அதிலிருந்து விழும் அருவி. ஏதோ ஒரு மளிகைக் கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த நாட்காட்டியிலிருந்து படத்தை மட்டும் வெட்டி, கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டியிருந்தார் என் தந்தையார். வெள்ளிக்கிழமை தோறும் முக்காலியில் ஏறிக் கண்ணாடியைத் துடைத்துச் சந்தனப் பொட்டு வைப்பது என் வேலை. அப்போது படத்தின் கீழ் மூலையில் எறும்பு ஊர்ந்தாற்போலச் சிறு எழுத்துகள் இருப்பதைக் கண்டு, "இது யார் பெயர்ப்பா?" என்று கேட்டேன். "அச்சுப் போட்டவன் பேரா இருக்கும்" என்றார் தந்தையார். அத்தோடு அக்கேள்வி முடிந்தது.

பல ஆண்டுகளுக்குப் பின்னர், தென்னிந்திய நாட்காட்டி ஓவியங்களைப் பற்றிய நூல் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, அதே எழுத்து வளைவை மீண்டும் கண்டேன். அப்பெயர் கொண்டையராஜு. அவரது வரலாற்றைத் தேடிச் சென்ற வழியில் அவருக்கும் முன்னோடியான மற்றொருவரைச் சந்தித்தேன். அவரிலிருந்தே தொடங்குவது முறையாகும்.

கிளிமானூர் தந்த ஓவியர்

இராஜா இரவிவர்மா 1848ஆம் ஆண்டு திருவிதாங்கூர்ச் சீமையிலுள்ள கிளிமானூரில் பிறந்தவர். சிறுவயதிலேயே சுவரில் கரியால் வரைந்த அவரது திறமையை அறிந்த மாமன் இராஜராஜவர்மா, அவரைத் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துச் சென்றார். அக்காலத்தில் தைலவண்ண ஓவியம் நம் நாட்டுக்குப் புதியது. அரண்மனையில் அக்கலை அறிந்திருந்த மதுரை இராமசாமி நாயக்கர் அதனைக் கற்பிக்க மறுத்தார் என்றும், அவரிடம் பணியாற்றிய ஆறுமுகம் பிள்ளை என்பவர் இரவு நேரத்தில் வந்து இரகசியமாகக் கற்பித்தார் என்றும் இரவிவர்மாவின் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். 1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தபோது, அவரும் பாடம் சொல்லித் தரவில்லை. தாம் வரைவதைப் பார்த்துக்கொண்டிருக்க மட்டும் இடம் கொடுத்தார். இளைஞர் இரவிவர்மா பார்த்துக்கொண்டே இருந்தார். பார்த்ததைத் தம் அறைக்குச் சென்று செய்து பார்த்தார். இவ்வாறே அவர் கற்றார்.

ஐந்தே ஆண்டுகளில், 1873இல், வியன்னா நகரக் கண்காட்சியில் அவரது ஓவியம் பரிசு பெற்றது. மன்னர்களும் ஆளுநர்களும் அவரை நாடி வந்தனர். அந்நிலையில், திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்தவரும் கும்பகோணத்தில் பிறந்தவருமான சர் டி. மாதவராவ் அவருக்கு ஒரு யோசனை கூறினார். ஓவியங்களை எல்லாருக்கும் ஒரே ஓவியரால் கையால் எழுதித் தர இயலாது. ஆகவே அவற்றை அச்சிட்டு வழங்கலாம் என்பதே அந்த யோசனை. 1894ஆம் ஆண்டு பம்பாயில் இரவிவர்மா ஓர் அச்சகத்தை நிறுவினார். ஜெர்மானியத் தொழில்நுட்பர்கள் பணிக்கு அமர்த்தப்பட்டனர். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒவ்வொரு கல்லில் படத்தை எழுதி, ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிக்கும் முறை அது. ஒரு கல் மயிரிழை விலகினாலும் தேவியின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் போய் விழும். அவ்வளவு நுணுக்கமான வேலை.

தாமரையில் நிற்கும் திருமகளும், வீணை ஏந்திய கலைமகளும், வள்ளி தெய்வயானையோடு மயில்மீதமர்ந்த சண்முகரும் அவ்வழியே இல்லந்தோறும் எழுந்தருளினர். இதன் அருமையை உணர வேண்டுமானால் அக்காலத்து நிலையை நினைவுகொள்ள வேண்டும். பிறப்பின் பெயரால் கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்கள் கோடிக்கணக்கில் இருந்தனர். திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேச அறிவிப்பு வெளிவந்தது 1936இல். மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்தில் வைத்தியநாத ஐயர் அனைவரையும் அழைத்துச் சென்றது 1939இல். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கும் முன்பே, எந்தக் காவலும் எந்தக் கதவும் தடுக்கவியலாத வகையில், சில காசுகள் விலையில் தெய்வத்தின் திருமுகம் குடிசைக்குள் வந்துவிட்டது. தோட்டத்துக்கு வந்த நம் முன்னோருள் பலர் அத்தகைய குடிசைகளிலிருந்து வந்தவர்களே என்பதை நாம் மறத்தலாகாது.

அவரைக் குறைகூறியவர்களும் உண்டு. கொழும்பில் பிறந்த கலைமேதை ஆனந்த குமாரசுவாமி, இரவிவர்மாவின் தெய்வங்கள் நாடகப் பாத்திரங்கள் போல் இருக்கின்றனவே அன்றித் தெய்வீகம் தோன்றவில்லை என்ற கருத்தினர். மேனாட்டு முறையைப் பார்த்துச் செய்தது படைப்பாகுமா என்பது அன்றைய வினா. இவ்வினாவைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இதற்கு வருவோம்.

கோவில்பட்டிக் கலைக்கூடம்

இரவிவர்மா 1906இல் மறைந்தார். அதற்கு எட்டாண்டுகளுக்கு முன், 1898இல், சென்னையில் பிறந்தவர் சி. கொண்டையராஜு. சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்றவர். முறையாகக் கற்ற ஓவியர் நகரத்தில் உத்தியோகம் தேடுவதே இயல்பு. ஆனால் அவர் திருவண்ணாமலைக்குச் சென்று, பகவான் ரமணரின் ஆசிரமத்தில் சில காலம் தங்கினார். பின்னர் ஊர் ஊராகச் செல்லும் நாடகக் குழுவொன்றில் திரைச்சீலை எழுதும் ஓவியராகச் சேர்ந்தார். அரண்மனை, நந்தவனம், காடு, கயிலாயம் என்று பத்தடி உயரத் துணிகளில் எழுதுவது அவர் தொழிலாயிற்று. 1940களின் தொடக்கத்தில் அக்குழு கோவில்பட்டியில் கலைந்துபோயிற்று. கலைஞர்கள் தத்தம் வழியே சென்றனர். கொண்டையராஜு அவ்வூரிலேயே தங்கிவிட்டார்.

கடலைமிட்டாய்க்குப் பெயர்பெற்ற அச்சிற்றூர், அவரால் ஓவியர்களின் ஊராகவும் ஆயிற்று. தேவி ஆர்ட் ஸ்டூடியோ என்ற பெயரில் கலைக்கூடம் அமைந்தது. சுப்பையா, இராமலிங்கம், சீனிவாசன், அருணாசலம் முதலிய மாணவர்கள் அவரைச் சூழ்ந்தனர். அருகிலுள்ள சிவகாசியில் அப்போது அச்சுத்தொழில் வளர்ந்து வந்தது. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்ததும், அத்தொழிலுக்கு வேண்டிய ஒட்டுத்தாள்களை அச்சிட அச்சகங்கள் பெருகியதும், அவ்வச்சகங்களே பிற்காலத்தில் நாட்காட்டிகளை அச்சிட்டதும் வரலாறு. கோவில்பட்டியில் எழுதிய படம் சிவகாசியில் அச்சாகி, கடைகளின் பெயரைத் தாங்கி, தமிழர் வாழும் நாடெல்லாம் சென்றது. ஈப்போவுக்கும் வந்தது. லயத்துக்கும் வந்தது.

கொண்டையராஜுவின் படங்களை இப்போது நான் பக்கத்தில் வைத்து நோக்குகிறேன். இரவிவர்மாவின் செல்வாக்கு அவற்றில் வெளிப்படையாகத் தெரிகிறது; உடலின் திரட்சியும், ஆடையின் மடிப்பும், ஒளிநிழலும் அங்கிருந்து வந்தவை. ஆனால் இரவிவர்மாவின் தேவியர் பலர் சற்றே ஒருபுறம் திரும்பி, ஏதோ நினைவில் ஆழ்ந்தவர்போல் இருப்பர். கொண்டையராஜுவின் தெய்வங்களோ நேராக நம்மையே நோக்குகின்றன. அது தஞ்சாவூர் ஓவியத்தின் முறை. பலகையில் பொற்றாள் ஒட்டி, கல் பதித்து, தெய்வத்தை நடுநாயகமாக நேர்முகமாக அமர்த்துவது அம்மரபு. கருவறையில் நாம் காணும் காட்சியும் அதுவே. நாம் பார்ப்பதோடு, தெய்வம் நம்மைப் பார்ப்பதற்கும் தரிசனம் என்று பெயர். அதை அறிந்த கை அவருடையது. அவர் எழுதிய மலையையும் அருவியையும் தாமரைத் தடாகத்தையும் தூண்களையும் பாருங்கள். அவை நாடகத் திரையிலிருந்து வந்தவை. பிழைப்புக்காகப் பல ஆண்டுகள் எழுதிய திரைச்சீலை, தெய்வத்துக்குப் பின்னணியாயிற்று.

இவ்வாறு, ஓர் ஓவியர் தாம் கண்டு வியந்த ஓவியங்களையும், தாம் வாழ்ந்த வாழ்க்கையையும் ஒரே தட்டில் குழைத்தார். 1976இல் அவர் மறைந்தார். பின்னர் கனடா நாட்டு ஆய்வாளர் ஸ்டீபன் இங்கிலிஸ் அவரைப் பற்றி விரிவாக ஆராய்ந்து எழுதினார். கடல் கடந்த ஓர் ஆய்வாளருக்குத் தோன்றிய கேள்வி, படத்தின்கீழ் நாள்தோறும் விளக்கேற்றிய நமக்குத் தோன்றவில்லை.

பார்த்து வரைவது படைப்பாகுமா?

இப்போது அந்தப் பழைய வினாவுக்கு வருகிறேன். பிறர் ஓவியத்தைப் பார்த்து வரைந்தால் அது படைப்பாகுமா? இதற்கு விடை சொல்லும் கல்வி எனக்கில்லை என்றாலும், விடையைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் ஒரு பெரியவர் இருந்தார். காலையில் பால்வெட்டு, பிற்பகலில், யாராவது கேட்டால், எதையாவது வரைவார். பிள்ளைகள் அனைவரும் அவரைப் பெரியப்பா என்றே அழைப்போம். தோட்டத்து மாரியம்மன் கோயிலின் உட்சுவரில் முருகன் படம் எழுத வேண்டும் என்று கோயில் கூட்டத்தில் முடிவாயிற்று. பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்து, "அந்தப் படத்தைக் கொஞ்ச நாளைக்குக் குடும்மா" என்று என் தாயாரிடம் கேட்டு வாங்கிச் சென்றார்.

அவர் வேலை செய்த முறையை அருகிருந்து பார்த்தவன் நான். படத்தின் கண்ணாடிமேல் வெள்ளை நூலைக் குறுக்கும் நெடுக்குமாகச் சோற்றுப் பசையால் ஒட்டிக் கட்டங்கள் அமைத்தார். சுவரில் கரித்தூள் தோய்ந்த கயிற்றை இழுத்துப் பிடித்து, நடுவில் தெறித்து, அதே கட்டங்களைப் பெரிதாக்கினார். கயிற்றின் மறுமுனையைப் பிடிப்பது என் வேலை. வண்ணத்துக்கு அவரிடம் பணமில்லை. தோட்டத்துக் கிடங்கில் எஞ்சிய பச்சையும் செங்காவியும் கேட்டு வாங்கினார். துணிக்குப் போடும் நீலத்தைச் சுண்ணாம்பில் கலந்து வானமாக்கினார். பால் சேர்க்கும் மங்குகளே அவருக்கு வண்ணக் கிண்ணங்கள். மெல்லிய கோடுகளுக்கு ஈர்க்கின் நுனியைக் கல்லால் நைத்துத் தூரிகை செய்துகொண்டார். பால்வெட்டு முடிந்து, குளித்து, நெற்றியில் நீறு பூசிய பின்னரே சுவரைத் தொடுவார். மூன்று மாதங்கள் ஆயின. கண் திறக்கும் நாளன்று மட்டும் காலையிலிருந்து உணவு உண்ணவில்லை.

படம் முடிந்தபோது ஒன்றைக் கவனித்தேன். எங்கள் வீட்டுப் படத்தில் இருந்த மலை சரிந்து உயர்ந்த மலை. சுவரில் இருந்ததோ செங்குத்தாக நிற்கும் மலை. வெண்ணிறப் பாறை, கருங்கோடுகள், உச்சியில் மட்டும் புதர். ஈப்போவுக்கு வரும் எவரும் கண்ட சுண்ணாம்புக் குன்று அது. "பெரியப்பா, படத்துல மலை இப்படி இல்லையே?" என்று கேட்டேன். அவர் சற்று நேரம் சுவரையே பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் பழனியைப் பார்த்ததில்லப்பா. கல்லுமலையைத்தான் பார்த்திருக்கேன். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தது அங்கதானே. முருகன் அங்கயும்தானே இருக்கான்?"

அன்பர்களே, இரவிவர்மா மேனாட்டு ஓவியரைப் பார்த்து வரைந்தார். ஆனால் தேவிக்கு நம் நாட்டுப் பெண்ணின் முகத்தைக் கொடுத்தார். கொண்டையராஜு இரவிவர்மாவைப் பார்த்து வரைந்தார். ஆனால் தெய்வத்தை நேர்முகமாகத் திருப்பி, நாடகத் திரையைப் பின்னால் விரித்தார். எங்கள் பெரியப்பா அந்த அச்சுப் படத்தைப் பார்த்து வரைந்தார்; ஆனால் மலை ஈப்போ மலையாயிற்று. கட்டம் போட்டு இம்மி பிசகாமல் எழுத முயன்றவருடைய கையிலும், அவர் வாழ்ந்த ஊர் தானாக வந்து இறங்கியது. பக்தியோடும் பணிவோடும் பார்த்து வரைகிறவன், தான் அறியாமலே படைப்பாளி ஆகிறான் என்பதே நான் கண்ட விடை. மூவருள் ஒருவர் அரச குடும்பத்துத் தொடர்புடையவர். ஒருவர் கல்லூரியில் பயின்றவர். ஒருவர் பால்வெட்டுத் தொழிலாளி. மூவரையும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாகவே நான் காண்கிறேன்.

பணி முடிந்து எங்கள் படம் வீடு திரும்பியபோது, கண்ணாடியின் ஓரத்தில் ஒரு பச்சைத் துளி காய்ந்திருந்தது. என் தாயார் அதைச் சுரண்டவே இல்லை. வெள்ளிக்கிழமை துடைக்கும்போது, "அந்தப் புள்ளியை விட்டுட்டுத் துடை" என்பார்.

இடிந்த சுவர்

சுவரை வைத்துத்தான் சித்திரம் என்பது நம் பழமொழி. 1990களின் இறுதியில் எங்கள் தோட்டம் கைமாறியது. இரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டன. மக்கள் தாமான்களிலும் மலிவு விலை வீடுகளிலும் குடியேறினர். அவ்வேளையில் படித்த பிள்ளை என்று பெயர் பெற்றிருந்த நான், எங்கள் லயத்தார் பலருக்கும் விண்ணப்பப் படிவங்களை நிரப்பிக் கொடுத்தேன். பெரியப்பாவின் படிவத்தையும் நானே நிரப்பினேன். தொழில் என்ற கட்டத்தில் 'தோட்டத் தொழிலாளி' என்று எழுதினேன். அது பொய்யன்று. ஆனால் முழு உண்மையுமன்று. ஓவியர் என்று எழுத வேண்டும் என எனக்குத் தோன்றவில்லை; அவரும் கேட்கவில்லை.

அம்மனை ஆகம முறைப்படி பாலாலயம் செய்து, வேறு ஆலயத்தில் எழுந்தருளச் செய்தோம். அதில் குறையொன்றுமில்லை. சுவரை எடுத்துவர இயலவில்லை. அது யாராலும் இயலாது. ஆனால் அன்று எங்களிடம் புகைப்படக் கருவி இருந்தது. கோயில் வாசலில் அனைவரும் வரிசையாக நின்று பிரிவுப் படம் எடுத்துக்கொண்டோம். அந்தப் படம் இன்றும் என்னிடம் இருக்கிறது. திறந்திருந்த கதவின் வழியே, உட்சுவரில் மயில் தோகையின் நுனி மட்டும் அதில் தெரிகிறது. இரண்டடி உள்ளே சென்று ஒருமுறை பொத்தானை அழுத்த எவருக்கும் தோன்றவில்லை. அடுத்த மாதம் இயந்திரம் வந்தது.

எங்கள் வீட்டுப் படத்தின் கதையும் அதுவே. சட்டத்தைக் கறையான் அரித்திருந்தது, கண்ணாடியில் விரிசல். "புது வீட்டுக்குப் புதுப் படம் வாங்கிக்கலாம்" என்று சொன்னவன் நான். தாயார் மறுமொழி கூறவில்லை. வழக்கப்படி படத்தைக் கோயிலின் பின்புறமிருந்த அரசமரத்தடியில் வைத்துவிட்டு வந்தோம். புது வீட்டில் மின்விளக்கு சுழலும் பெரிய படம் வைத்தோம். வெள்ளிக்கிழமைகளில் அதைத் துடைக்கும்போது என் தாயாரின் கை ஓரமாகச் சென்று ஒரு கணம் நிற்பதைக் கண்டிருக்கிறேன். அங்கே பச்சைத் துளி இல்லை.

கோப்பு ஒன்று காணாமற் போனால் அலுவலகத்தில் விளக்கம் எழுதிக் கேட்கிறோம். ஐந்து ஆண்டுப் பழைய இரசீதுக்கும் எண் இட்டு அலமாரியில் வைக்கிறோம். அந்தத் தொழிலில் இருக்கும் நான், என் கண்முன் எழுதப்பட்ட ஓவியத்துக்கு ஒரு வரிக் குறிப்பும் வைக்கவில்லை. இதை இம்மேடையில் சொல்வது புகழுக்காக அன்று. நீங்களும் அவ்வாறு செய்துவிடக் கூடாதே என்பதற்காகவே.

தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். இராஜராஜ சோழன் காலத்து ஓவியங்களின் மேல், பிற்காலத்தில் நாயக்கர் காலத்தவர் புதிய பூச்சிட்டு வேறு ஓவியங்களை எழுதினர். ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின், 1931இல், அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட சுற்றுப் பாதையில் நுழைந்து, பூச்சு உதிர்ந்த இடத்தில் சோழர் கால வண்ணத்தைக் கண்டார். கயிலாயம் செல்லும் சுந்தரரும் சேரமான் பெருமாளும் மீண்டும் உலகுக்குக் காட்சியளித்தனர். கல்லால் கட்டிய கோயில் ஆதலின் சுவர் காத்திருந்தது. செங்கல்லும் பலகையும் கொண்ட நம் தோட்டத்துக் கோயில்கள் அவ்வாறு காத்திருப்பதில்லை. இடிந்தால் இடிந்ததுதான்.

ஒரு வேண்டுகோள்

நம் ஆலயத்தில் திருப்பணி தொடங்கவிருப்பதாக நிர்வாகத்தினர் அறிவித்துள்ளனர். மகிழ்ச்சிக்குரிய செய்தி. மகாமண்டபத்தின் பழைய சுவரோவியங்கள் மங்கிவிட்டன என்பதும், அவ்விடத்தில் பளிங்கு ஓடுகளும் அச்சிட்ட புதிய படங்களும் அமையலாம் என்பதும் பேச்சில் உள்ளது. ஆலயம் பொலிவு பெறுவதை யார்தான் விரும்பார்? நான் தடை சொல்ல வரவில்லை. சில விண்ணப்பங்களை மட்டும் பணிவோடு முன்வைக்கிறேன்.

முதலாவதாக, சுண்ணாம்பு பூசுமுன் ஒவ்வொரு ஓவியத்தையும் நல்ல வெளிச்சத்தில் புகைப்படம் எடுத்து வைப்போம். இன்று அனைவர் கையிலும் கைப்பேசி உண்டு, செலவு ஏதுமில்லை. மங்கியவற்றுள் புதுப்பிக்கத் தக்கவை எவை என்று ஓவியம் அறிந்த ஒருவரைக் கொண்டு பார்ப்போம்.

இரண்டாவதாக, ஆலயத்தில் உபயகாரர் பதிவேடு இருப்பதுபோல் சித்திரப் பதிவேடு ஒன்று வைப்போம். எந்தச் சுவரில் எந்தத் தெய்வம், எழுதியவர் யார், எந்த ஆண்டு, எந்தப் படத்தைப் பார்த்து எழுதினார் என்று தெரிந்தவரை குறிப்போம். தெரிந்த முதியவர்கள் நம்மிடையே இன்னும் சிலரேனும் உள்ளனர். அடுத்த திருவிழா வரை தள்ளிப்போடுதல் தகாது.

மூன்றாவதாக, பழைய சாமிப் படங்களை மரத்தடியிலும் ஆற்றங்கரையிலும் விட்டுச் செல்லும் வழக்கத்தை மாற்றுவோம். ஆண்டுக்கொரு நாள் ஆலயத்தில் அவற்றைப் பெற்றுக்கொண்டு, ஓவியரின் பெயருள்ள அரிய படங்களை எடுத்து வைத்து, எஞ்சியவற்றை முறைப்படி நிறைவு செய்யலாம். வெயிலிலும் மழையிலும் கிடந்து காலடியில் மிதிபடுவது தெய்வத்துக்கும் அழகன்று. வரைந்த கைக்கும் அழகன்று.

நான்காவதாக, சனிக்கிழமைகளில் இம்மண்டபத்தின் ஒரு மூலையை நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியம் வரையக் கொடுப்போம். தேவாரம் பாடக் கற்கும் பிள்ளை, தெய்வத்தை எழுதவும் கற்கட்டும். பார்த்து வரைகிறானே என்று யாரும் இகழ வேண்டாம். கட்டம் போட்டுத் தொடங்கட்டும். சில நாளில் அவன் மலைக்குப் பின்னால் இரட்டைக் கோபுரம் முளைக்கலாம். அருவிக்கு அருகில் செம்பனை நிற்கலாம். அன்று அவன் ஓவியனாகிவிட்டான் என்று நாம் அறிந்துகொள்வோம். அச்சுப் படங்களும் கைப்பேசிப் படங்களும் ஆயிரம் வந்தாலும், பசியோடு நின்று தெய்வத்துக்குக் கண் திறக்கும் ஒரு மனிதனின் கை நம் ஆலயத்துக்கு எப்போதும் வேண்டும்.

என் உரையை நிறைவு செய்கிறேன். நிர்வாகத்தினர் இசைந்தால், அச்சித்திரப் பதிவேட்டை வாங்கித் தரும் பொறுப்பை நானே ஏற்கிறேன். அதன் முதற்பக்கத்தில் ஒரு பெயரை என் கையால் எழுத அனுமதி வேண்டுகிறேன். அது ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் பெயர். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு படிவத்தில் தொழில் என்ற கட்டத்தில் நான் விட்டுவிட்ட சொல்லை, அப்பெயருக்கு எதிரே இம்முறை எழுதுவேன்.

 

திருச்சிற்றம்பலம்.